துருவின் மேல் சர்க்கரை

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நானும் என் மனைவி இஜ்லாலும், அவளுடைய அக்கா இன்ஷிராஹும், அக்காவின் கணவர் ஹிஷ்மத்தும் ஒரே வண்டியில் ஏறி, கடற்கரைச் சாலை வழியாகப் பஹ்ரிக்குப் போய் மீன் சாப்பிடுவோம். அலெக்சாண்ட்ரியாவில் மீனை வீட்டிலேயே பொரிப்பவர்களும் இருக்கிறார்கள். வாரம் முழுக்கத் திரைச்சீலையில் வாடை நிற்கும். வாசனை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். என் பெயர் வஜ்தி. இனிப்புக் கடையில் கேக் அலங்காரம் செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் அவசரப்பட வேண்டாம், ஐயா. நான் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

வண்டி என் மாமனாருடையது. வெளிர்பச்சை நிறம், பின்பக்கம் நீளமான பிரெஞ்சு வண்டி. மூத்த மருமகனைத் தாண்டி இளைய மருமகனான எனக்கு அதைக் கொடுத்தார். ஹிஷ்மத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. ஆனால் ஹிஷ்மத் அதை ஒருபோதும் மறக்கவில்லை. ஏறும்போதெல்லாம் முன்னிருக்கையில்தான் உட்காருவார். “மூத்த மருமகன் முன்னால உக்காரணும், சகலை. சாவிதான் உங்களோடது, மரியாதை என்னோடது” என்பார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவர் சிரித்தால் பக்கத்து மேசைக்காரர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள்.

அவர் மீது எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பகடி பேசிக்கொண்டே இருந்தவர் அவர்தான். சிரிக்கக் கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஒரு தையல் பிரியவும் செய்தது. அதை நான் என்றோ மறந்துவிட்டேன்.

வண்டிக்கு வருகிறேன். பஹ்ரிக்குப் போகும்போது கடல் வலப்பக்கம் வரும். ஓட்டுகிற நான் இடப்பக்கம், ஹிஷ்மத் வலப்பக்கம். சுவரைத் தாண்டித் தெறிக்கும் உப்புத் தண்ணீர் எல்லாம் அவர் பக்கத்துக் கதவில்தான் விழும். அப்படி எத்தனையோ குளிர்காலம். முதலில் கதவின் ஓரத்தில் சின்னதாகக் கொப்புளங்கள் வந்தன. பெயின்ட்டுக்கு அடியில் கடுகு வைத்தது போல இருந்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பட்டையில் மெல்ல வைத்துப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. தட்டக்கூட இல்லை, வைத்தேன், அவ்வளவுதான்.

வெல்டர் பயூமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டில் சுத்தியல் உள்ளே விழுந்துவிட்டது. கடைசி வரை அதை எடுக்க முடியவில்லை. வளைவுகளில் திரும்பும்போது அது உருளும் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

“வெல்டிங் வைக்க எனக்கு இரும்பு வேணும்ல, ஹாஜி?” என்றார் பயூமி, மீசையிலிருந்த துருப்பொடியைத் தட்டிக்கொண்டே. “இங்க எங்க இருக்கு இரும்பு? பெயின்ட்டுதான் வண்டியப் புடிச்சு நிக்க வச்சிருக்கு. இதுல ஆள ஏத்தாதீங்க. மாடியில வச்சுக் கோழி வளங்க.”

“மாடிக்கு எப்படி ஏத்துறது?” என்று கேட்டேன்.

“கவலப்படாதீங்க. துண்டு துண்டாத்தான் வரும்.”

படிப்பில்லாத ஆள், நாகரிகமாகப் பேசத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த மாதம் இஜ்லாலின் கால் தரையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டான்லி பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். “என்னங்க, என் செருப்பு ரோட்ல ஓடுது” என்றாள் பின்னிருக்கையிலிருந்து. திரும்பிப் பார்த்தேன். காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பின்கண்ணாடி வழியாகச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிஷ்மத் அன்று சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. அது நல்ல அறிகுறி இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. கடையிலிருந்து ஓய்வுபெறும்போது, பஸ்பூஸா என்ற ரவை இனிப்பை வேகவைக்கும் பெரிய அலுமினியத் தட்டுகளை முதலாளி எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அவற்றை வண்டியின் தரையில் பதித்து ஆணி அடித்தேன். இஜ்லாலின் காலடியில் ஒன்று. இன்ஷிராஹ் அக்காவின் காலடியில் ஒன்று. என் இருக்கைக்கு அடியில் ஒன்று. ஹிஷ்மத்தின் இருக்கைக்கு அடியில் இருப்பதிலேயே பெரியது. இருக்கையின் நான்கு கால்களையும் அந்தத் தட்டோடு சேர்த்துப் போல்ட் போட்டு முறுக்கினேன். அவருடைய பக்கம் தாங்க வேண்டிய பாரம் அதிகம் அல்லவா.

வெளிப்புறம் மிச்சம் இருந்தது. எல்லோரும் செய்வது போலப் பட்டி போட்டுப் பார்த்தேன். வெடித்தது. பட்டி என் கைக்குப் பழக்கமில்லாத பொருள். என் கைக்குப் பழக்கமானது ஐசிங். முட்டையின் வெள்ளைக் கருவில் பொடித்த சர்க்கரையைப் போட்டு அடித்து, எலுமிச்சை ஒரு சொட்டு விட்டால், காய்ந்த பிறகு கல் மாதிரி நிற்கும். கல்யாணக் கேக்குகளில் இதை வைத்து ஆளுயரத் தூண்களே நிறுத்தியிருக்கிறேன். கதவுக்குக் கீழே இரும்பு இருந்த இடமெல்லாம் ஐசிங்கை நிரப்பினேன். கத்தியால் இழுத்து வழவழப்பாக்கினேன். மேலே வெளிர்பச்சைப் பெயின்ட் அடித்தேன். ஐயா, என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதுதான் அழகானது. பின்கதவுகளையும் அப்படியே பூசிவிட்டேன். திறக்க முடியாமல் போயின. பெண்கள் முன்பக்கமாக ஏறி, இருக்கைகளுக்கு இடையே நுழைந்து பின்னால் போனார்கள். இஜ்லால் ஒரு நாள் முனகினாள். “கதவுதானே போச்சு, காத்து வரலையே” என்று சொன்னேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

எறும்புகளைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சீதி பிஷ்ரில் எங்கள் தெரு எறும்புகள் முழுவதும் வண்டிக்குக் குடிவந்துவிட்டன.

“சகலை, ஊர்ல எல்லார் வண்டியிலயும் இரும்பு இருக்கும். உங்க வண்டியில எறும்பு இருக்கு” என்றார் ஹிஷ்மத். “ரெண்டு எழுத்துதான் வித்தியாசம், விடுங்க.”

நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது மரியாதை இல்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. பஹ்ரியில் உணவகத்து வாசலில் இறங்கும்போது ஹிஷ்மத் கதவின் கீழே குனிந்தார். கட்டை விரல் நகத்தால் பட்டையில் ஒரு துண்டைப் பெயர்த்தார். பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, வெள்ளையாக இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். உணவகத்துப் பையன்கள், மீனைச் சுடுகிறவர், வெளியே மேசைகளில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடி மென்றார்.

“இனிக்குது” என்றார். பிறகு குரலை உயர்த்தி, “ஏ இன்ஷிராஹ்! நம்ம மாப்ள வண்டிய ரிப்பேர் பண்ணல. பொறந்த நாள் கேக்கு பண்ணியிருக்காரு! மெழுகுவத்தி எங்கடி?”

அங்கே எழுந்த சிரிப்பை நான் விவரிக்க வேண்டியதில்லை. மீன் சுடுகிறவர் அடுப்பின் மேல் கையை ஊன்றிச் சுட்டுக்கொண்டார். இஜ்லாலும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நான் அவளைக் குறை சொல்லவில்லை. “பழைய கேக்குக்குப் புதுச் சட்டை போட்டே ஓய்வு வாங்குன மனுஷன், பழைய வண்டிய மட்டும் விடுவாரா?” என்று ஹிஷ்மத் சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் சில சமயம் முந்தின நாள் கேக்கின் மேல் புது கிரீம் பூசியிருக்கிறோம். எல்லாக் கடையிலும் செய்வதுதான். அவருக்கு அதை நான்தான் ஒருமுறை நம்பிச் சொல்லியிருந்தேன்.

அன்று நான் கெளுத்தி மீனை முழுதாகச் சாப்பிட்டேன். பசி குறையவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கோபம் இல்லை என்று.

மறுநாள் ஹிஷ்மத்தின் இருக்கைக்கு அடியிலிருந்த தட்டைக் கழற்றினேன்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், ஐயா, நான் மறுக்கப் போவதில்லை. ஆணிகளைப் பிடுங்கித் தட்டை எடுத்து, கழுவித் துடைத்து, சமையலறையில் வைத்தேன். இஜ்லால் அதில் குனாஃபா இனிப்பு செய்தாள், நன்றாக வந்தது. தட்டு இருந்த இடத்தில் தரை என்று சொல்ல எதுவும் இல்லை. கீழே தெரு தெரிந்தது. ஒரு பூனை நின்று என்னைப் பார்த்தது. அந்த இடம் முழுவதையும் ஐசிங்கால் நிரப்பினேன். நடுவே கல்யாணக் கேக்குக்கு வைப்பது போல அட்டையும் மரக்குச்சிகளும் வைத்து, மேலே மேலே அடுக்காகப் பூசினேன். இருக்கையின் கால்களை அதிலேயே நட்டேன். நானே உட்கார்ந்து பார்த்தேன். அசையவில்லை.

கொல்ல நினைத்தேனா என்று உங்களுக்கு முன்பு வந்த இளம் அதிகாரி கேட்டார். கொல்ல நினைப்பவன் ஐசிங்கில் எலுமிச்சை விடுவானா? இறுகட்டும் என்றுதானே விட்டேன். ஹிஷ்மத் சர்க்கரையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சர்க்கரை மேலேயே உட்கார்ந்து போய், உட்கார்ந்து வர வேண்டும். வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, அண்ணே, இவ்வளவு நேரமும் உங்களைத் தாங்கியது எது தெரியுமா என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

ஆனால் அந்த வாரம் புயல் வந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்கும் ஒரு பெயர் உண்டு. இதற்குப் பெயர் துடைப்பம். வியாழக்கிழமையிலிருந்தே கடல் சுவரைத் தாண்டிச் சாலையில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் இஜ்லால், “இன்னைக்கு வேண்டாமே” என்றாள். “அத்தானுக்குப் பிடிக்கும்” என்றேன். அவருக்குப் பிடித்தும் இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். “இனிப்பு வண்டியில போகக் குடுத்து வச்சிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். இருக்கை அவருடைய பாரத்தில் ஒரு சின்னச் சத்தம் போட்டது. பிறகு அமைதியாகிவிட்டது.

மழைநாளில் புத்தியுள்ளவர்கள் ஊருக்குள்ளே போகும் சாலையில்தான் போவார்கள். நான் கடற்கரைச் சாலையில் போனேன். சும்மா வெயிலில் போய் வந்தால் அதில் என்ன நிரூபணம் இருக்கிறது? முதல் அலை கதவில் அறைந்தபோது ஹிஷ்மத் கைதட்டினார். வெளியே கதவின் கீழிருந்து பாலாக ஒரு கோடு வழிந்து ஓடுவதை நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வண்டி நன்றாகவே போனது. உணவகம் வந்தது. வாசலில் இடம் இருந்தது. வண்டிகளை நிறுத்த உதவுகிறவன் கையாட்டிக் கூப்பிட்டான்: “பாஷா, இங்க வாங்க, இங்க!” நான் நிறுத்தவில்லை.

“இடம் இல்ல, ஒரு சுத்து சுத்தி வருவோம்” என்றேன்.

“அவன் காட்டுறானே, தம்பி” என்றாள் இன்ஷிராஹ் அக்கா.

“அது வேற வண்டிக்கு.”

ஆம், இடம் இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. வண்டி இன்னும் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. தாங்குகிறபோது ஏன் நிறுத்த வேண்டும்? நடுவில் இருந்த இடைவெளியில் திரும்பி, வந்த வழியே மறுபக்கத்தில் கிழக்கே போய், மறுபடி பஹ்ரியைப் பார்க்க இடப்பக்கமாகத் திருப்பினேன். கொஞ்சம் வேகம். பயூமியின் சுத்தியல் உள்ளே உருண்டு வலப்பக்கம் போய் மோதியது. அதன் பின்னாலேயே ஹிஷ்மத்தும் போனார்.

சத்தம் பெரிதாக இல்லை. ரொட்டியைப் பிய்க்கிற சத்தம்தான். கதவும், கீழிருந்த பட்டையும், இருக்கையும், அதில் உட்கார்ந்திருந்த ஹிஷ்மத்தும் சேர்ந்து வெளியே போனார்கள். ஈரச் சாலையில் இருக்கை நேராகவே வழுக்கிப் போய், கடற்சுவர் ஓரத்தில் நின்றது. ஒருமுறைகூடக் கவிழவில்லை. என் பக்கத்தில் அவர் இருந்த இடத்தில் சாலை ஓடிக்கொண்டிருந்தது. காற்று நிறைய வந்தது.

பெண்கள் கத்தினார்கள். “திருப்புங்க! திருப்புங்க!” என்று இஜ்லால் என் தோளைக் குலுக்கினாள். இன்ஷிராஹ் அக்கா கைப்பையால் என் தலையில் அடித்துக்கொண்டே இருந்தாள். இந்தக் காதில் இருக்கும் காயம் அந்தப் பையின் கொக்கியால் ஆனது. அவளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கேட்டபடியே செய்தேன். மறுபடி ஒரு முழுச் சுற்று சுற்றி அவரிடம் வந்தேன்.

ஹிஷ்மத் சுவரோரம் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. எதிரே காபிக் கடையில் இருந்தவர்கள், யாரோ கடலை வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைத்தார்களாம். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களும் உண்டு. நான் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தத்தான் போனேன். கதவு இருந்த ஓட்டை வழியாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்தோம். அவர் முகம் சுண்ணாம்பு போல இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“சகலை!” என்று கத்தினார். “சர்க்கர பத்தல!”

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். கையை நீட்டி, தூக்குங்க சகலை என்று சொல்லியிருந்தால் நிச்சயமாக நிறுத்தியிருப்பேன். நான் ஆக்சிலரேட்டரில் காலை அழுத்தினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அவருக்குப் பின்னால் கடல் எழுந்து வந்தது. சுவரைவிட உயரமாக, நிதானமாக. அது திரும்பிப் போனபோது சாலை கழுவிவிட்டது போல இருந்தது. இருக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி மல்லாந்து கிடந்தது.

நான் உணவகத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். அந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது. பெண்கள் இருவரும் அந்த ஓட்டை வழியாக இறங்கி மழையில் திரும்பி ஓடினார்கள். நான் உள்ளே போய் வழக்கமான மேசையில் உட்கார்ந்து, நான்கு பேருக்கு மீனும் சாதமும் சொன்னேன். நான்கு பேருக்கு, ஐயா. இறந்துவிட்டார் என்று தெரிந்த மனிதன் நான்கு பேருக்குச் சொல்வானா? உங்கள் ஆட்கள் வந்தபோது மீன் ஆறிப்போயிருந்தது. ஹிஷ்மத்தை மறுநாள் சில்சிலாப் பக்கம் பாறைகளில் எடுத்ததாகச் சொன்னார்கள். இஜ்லால் இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. அக்காவோடு இருக்க வேண்டும் அல்லவா, நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தட்டைக் கழற்றியது நான். சர்க்கரையை நிரப்பியது நான். அது கரையும் என்று தெரிந்த சாலையில், இரண்டு முறை சுற்றியது நான். உயிரோடு இருந்தவரைப் பார்த்த பிறகும் நிறுத்தாமல் போனது நான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் அறிக்கையில் ‘ஓட்டத் தகுதியற்ற வண்டி’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். இவ்வளவு நடந்தும் வண்டி உணவகம் போய்ச் சேர்ந்தது. ஹிஷ்மத் அண்ணன் இன்று உயிரோடு இருந்திருந்தால், அதை அவரே ஒப்புக்கொண்டிருப்பார்.